பந்துக் கங்காணியின் மாமன் மொய்

என்னிடம் ஒரு கூட்டக் குறிப்பின் நகல் இருக்கிறது. நானே எழுதியது. பதுளையிலும் அதைச் சுற்றியும் இருந்த மூன்று பள்ளிகள் சேர்ந்து வைத்திருந்த ஃபுட்பால் கமிட்டியின் கூட்டம் அது. இடம் எங்கள் பள்ளியின் நூலக அறை; பெயரில் அது கல்லூரி. செப்டம்பர் மாதம், சனிக்கிழமை, காலை. தேதியின் எண் இருந்த மூலையை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஆண்டை எழுத அன்று எனக்குத் தோன்றவில்லை. விசாரணைப் பொருள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: எங்கள் கல்லூரி ஆட்டக்காரன் ஒருவனின் வீட்டாருக்கு, ஆட்டத்தின் பொருட்டுப் பணம் ஐம்பது ரூபாயும் பட்டுப்புடவை ஒன்றும் கொடுக்கப்பட்டதாக வந்த புகார்.

ஆண்டைக் கண்டுபிடிக்கக் குறிப்பின் அடியிலேயே வழி இருக்கிறது. தலைவர் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி வந்த வண்டிக்கூலியைச் செலவில் சேர்த்திருக்கிறேன். ஆகவே ரயில் தெமோதரைக்கு வந்துவிட்டது, பதுளைக்கு வரவில்லை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நான் அந்தக் கல்லூரியில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில். இரண்டையும் வைத்துப் பார்த்தால் 1923 தவிர வேறு ஆண்டு பொருந்தவில்லை.

எனக்குப் பாடம் சரித்திரமும் கணிதமும். அத்துடன் ஃபுட்பால் அணியின் செயலாளர் பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். பந்து உதைக்கத் தெரியாதவனுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார்.

அந்தக் காலத்தில் எங்கள் அணியில் ஓடக்கூடிய கால்களில் பாதி, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி கொண்டுவந்தவை. அவருக்கும் பந்து உதைக்கத் தெரியாது. பருத்த உடம்பு, மூச்சிழுப்பு நோய். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி மூட்டையோடு போய் வருவார். சம்பள நாளுக்கு மறுநாள் அவரை ஏதாவது ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பார்க்கலாம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மாலையில் பையன்கள் கந்தல் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குடையை ஊன்றி நின்று பார்ப்பார். தேறுகிற கால் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் தாய் தகப்பனிடம் பேசுவார், பிறகு தோட்டத்துக் கிளாக்கரிடம், பிறகு எங்கள் ஹெட்மாஸ்டரிடம். பையனுக்குக் கல்லூரியில் இலவச இடமும் விடுதியில் ஒரு கட்டிலும் கிடைக்கும்.

இதனால் அவருக்கு என்ன லாபம் என்று பலர் யோசித்திருக்கிறார்கள். அணியின் சட்டைத் துணி அவர் கடையில்தான் வாங்கப்பட்டது. பரிசளிப்பு விழாவில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி உண்டு. இதற்கு மேல் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. பஜாரில் அவருக்குப் பந்துக் கங்காணி என்று பெயர். இந்தியச் சீமையிலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணிக்குத் தோட்டத்தில் ஆள் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. அதை வைத்துத்தான் கேலி.

"என்ன கங்காணி, இந்த வாட்டி தலைக்கு எவ்வளவு?" என்பார்கள்.

"தலைக்கு இல்லேப்பா. நமக்குக் காலுக்குத்தான் கணக்கு" என்பார் அவர்.

அவர் கொண்டுவந்தவர்களில் மிகச் சிறந்தவன் எங்கள் லெஃப்ட் அவுட், இடது ஓரத்து ஆட்டக்காரன். தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தவன். தகப்பன் சில்லறைக் கங்காணியாக இருந்து காய்ச்சலில் இறந்துவிட்டார். தாய் கொழுந்து பறித்தாள். மூத்தவள் ஒரு பெண், இளையவன் இவன். மெலிந்த உடம்பு, பேச்சுக் குறைவு. பந்தோடு ஓடும்போது தோள் ஒருபக்கம் சாயும்; சாய்ந்த பக்கம் போகிறான் என்று நினைத்தவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். படிப்பிலும் மோசமில்லை. டிசம்பரில் கேம்பிரிட்ஜ் ஜூனியர் பரீட்சை எழுத வேண்டியவன். அதில் தேறினால் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கருக்கு உதவியாக எடுத்துக்கொள்வதாக அந்தத் தோட்டத்துத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். தேறாமலோ எழுதாமலோ திரும்பினால் மண்வெட்டிதான். இதை அவனும் அறிவான், அவன் தாயும் அறிவாள்.

கமிட்டியின் விதிகள் ஒரு தாளில் அடங்கும். ஆட்டக்காரன் அந்தப் பள்ளியில் உண்மையாகவே படிப்பவனாக இருக்க வேண்டும். அவனுக்கோ அவன் வீட்டாருக்கோ, அவன் ஆடுவதன் பொருட்டு எவரும் பணமோ பொருளோ தரக்கூடாது. உறவினர் தருவது இதில் சேராது. உறவினர் பற்றிய கடைசி வாசகம் பின்னால் சேர்க்கப்பட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் பூட்ஸும் மாமன்மார் வெற்றிப் பரிசும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுக்கப் போனால் பள்ளிக்குச் சம்பளம் கட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் ஹெட்மாஸ்டர் தன் பங்குக்கு இன்னொன்றும் வைத்திருந்தார். விதி மீறியதாகத் தீர்ப்பானவனுக்கு இலவச இடம் கிடையாது. அது மிஷனின் பணம், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பார்.

அந்த ஆண்டு கச்சான் காற்று வீசிய மாதங்களில் நாங்கள் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. கப்புக்கான கடைசி ஆட்டம் செப்டம்பரில், ஊரின் மறுபக்கத்தில் இருந்த பள்ளியோடு. அந்தப் பள்ளிக்காரர்கள் எங்கள் லெஃப்ட் அவுட்டைப் பஜாரில் மறித்துப் பேசியதாக ஆடி மாதத்தில் செய்தி வந்தது. முழு இலவசம், இரண்டு கோட்டு, ஒரு சைக்கிள். தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்கு அவன் கடனை எழுதிக் கையில் கொடுத்துவிடும் துண்டு முறை சட்டப்படி ஒழிந்து சிறிது காலந்தான் ஆகியிருந்தது. எதிர்க் கடைக்காரர் ஒருவர் முதலாளியைப் பார்த்து, "கங்காணி, உங்க ஆளுக்குத் துண்டு எழுதியாச்சாமே?" என்று கேட்டார். அன்று முதலாளி சிரிக்கவில்லை.

ஆவணியில் அந்தப் பையனின் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அதே தோட்டத்துக் கீழ் மலைக்காரன். முதலாளிக்கும் அழைப்பு, ஹெட்மாஸ்டருக்கும் எனக்கும் அழைப்பு. ஹெட்மாஸ்டர் தன் ஆசியை மட்டும் அனுப்பினார். நானும் முதலாளியும் போனோம்.

லயத்தின் முன் பந்தல். தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி வந்து பந்தலுக்குள்ளும் கொஞ்சம் நுழைந்திருந்தது. தாலி கட்டி முடிந்து மொய் எழுதும் பாய் விரித்தார்கள். அங்கே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் எதிர்ப் பள்ளியின் விளையாட்டு மாஸ்டர், மூக்குக் கண்ணாடிக்காரர், உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக் கிளாக்கர் அவருக்கு மைத்துனர். இருவரும் காற்றைப் பற்றியும் தேத்தண்ணியைப் பற்றியும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

மொய் எழுதுவது ஒருவர், கூவுவது இன்னொருவர். கூவுகிறவருக்கு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும் குரல். யார், என்ன முறை, என்ன கொடுத்தார் என்று மூன்றையும் சபை கேட்கக் கூவ வேண்டும். முதல் மொய் பெண்ணின் தாய்மாமனுடையது. அவர் தொடங்கி வைத்த பிறகுதான் மற்றவர்கள். இந்தத் தாயின் உடன்பிறந்தவர்கள் துறையூர்ப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் கடல் தாண்டி வந்ததே இல்லை. அதனால் பாய் விரித்தும் கூவ ஆரம்பிக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பெயர் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று கிழவர்கள் இருவர் மெதுவாகத் தர்க்கம் செய்தார்கள்.

அந்த நேரத்தில் முதலாளி என் பக்கத்தில் இல்லை. லயத்துக்குப் பின்னால், அடுப்படிப் பக்கம் போயிருந்தார். அங்கே நடந்ததை அந்தத் தாய் பல ஆண்டுகள் கழித்து எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

சால்வைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"இத வச்சுக்கம்மா. யாருக்கும் தெரிய வேணாம்."

"என்னங்க மொதலாளி இது?"

"கல்யாணச் செலவுக்கு. ஒரு பட்டுப் பொடவையும் இருக்கு. பையன் படிப்பு முடியிற வரைக்கும் எங்கயும் போயிராம பாத்துக்க, அவ்வளவுதான்."

"சந்தோசமுங்க. முன்னால வந்து குடுங்க."

"முன்னாலயா? ஐயய்யோ. ஊரு பேசுமே."

"பின்னால வாங்கினாத்தானுங்க ஊரு பேசும். நான் புருசன் இல்லாதவ."

முதலாளி தன் ஊர்க் கணக்கைப் பார்த்தார். பஜாரில் ரகசியமாகக் கொடுப்பதுதான் பத்திரம். லயத்துக் கணக்கு வேறு. பத்தடிக்குப் பத்தடி அறைகள், ஒரே சுவரைப் பகிர்ந்த வாழ்க்கை. அங்கே சபையில் கூவாமல் ஒரு விதவை வாங்கும் பணத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. பஜாரில் பிறந்து வளர்ந்த அவருக்கு, ஆண்டுக்கணக்காக லயங்களுக்குப் போய் வந்தும், அது தோன்றவில்லை.

நாங்கள் முன்னால் இருந்து பார்த்தது, அவள் பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக மொய்ப் பாய்க்கு வருவதையும், பின்னால் முதலாளி "ஏம்மா, ஏம்மா" என்று இழுப்பு வாங்க வருவதையும்தான். பொட்டலத்தைப் பாயில் வைத்தாள். கூவுகிறவர் பிரித்துப் பார்த்தார்.

"என்ன மொறைனு கூவ, ஆத்தா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "எனக்கு அண்ணன் மொறைனு கூவுங்க. மாமன் மொய்" என்றாள்.

கூவினார்: "கேட்டுக்கங்க சபையோரே! பதுளை ஜவுளிக்கடை முதலாளி அவுங்க, பொண்ணுக்குத் தாய்மாமன் மொறையில, பட்டுப் பொடவை ஒண்ணு! பணம் ரூவா அம்பது!"

பந்தல் முழுதும் ஒரு நிம்மதி பரவியது. முதல் பெயர் கிடைத்துவிட்டது. ஓரமாக நின்ற இளவட்டங்களில் ஒருவன் மட்டும், "கோலு ஒண்ணுக்கு எவ்வளவுன்னும் சேத்துக் கூவுங்க மாமா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

முதலாளியைப் பாயில் உட்காரவைத்துத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். மாமனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. ரகசியமாக வந்து போக நினைத்தவர், சிவப்புக் கரை போட்ட தலைப்பாகையோடு மணப்பெண்ணின் வலப்பக்கம் நின்றார். அவர் முகத்தில் வியர்வை, அந்தப் பனியிலும் வியர்வை.

திரும்பும் வழியில் முதலாளி தலைப்பாகையை அவிழ்த்து மடித்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, அந்தக் கண்ணாடிக்காரர் கேட்டுட்டாரு, இல்லீங்களா?"

"தோட்டமே கேட்டுச்சு."

"விதியில மாட்டுமா?"

"மாமன்னா மாட்டாது."

"அதான் கூவினாங்களே."

"நீங்க மாமனா?" என்று கேட்டேன். அவர் குடையால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

திங்கட்கிழமை எதிர்ப் பள்ளியிலிருந்து புகார் வந்தது. ஹெட்மாஸ்டர் பையனைக் கூப்பிட்டு, தீர்ப்பு பாதகமானால் விடுதிக் கட்டிலையும் பாடத்தையும் விட்டுவிட வேண்டியிருக்கும் என்று நேராகச் சொன்னார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அன்றிலிருந்து அவன் மாலையில் பந்து ஆட வரவில்லை. விடுதியில் தன் புத்தகங்களை ஒரு சாக்கில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "போகச் சொன்னா ஒடனே தூக்கிக்கலாம்ல சார்" என்றான்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர், மூன்றாவது பள்ளியின் வெள்ளைக்காரப் பாதிரியார். அப்புத்தளைப் பக்கம் இருபது ஆண்டு வாழ்ந்தவர். தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றவர், அதையே பேசுவார். மற்ற இருவர் எங்கள் ஹெட்மாஸ்டரும் எதிர்ப் பள்ளி மாஸ்டரும். நான் குறிப்பெழுத. தாயும் மகனும் கதவருகே நின்றார்கள். முதலாளி ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பாதிரியார் தாயிடம் கேட்டார்: "அம்மா, இந்த மனுஷர் உமக்கு உடன்பிறந்த சகோதரரோ?"

"உடன்பொறக்கலீங்க சாமி. மொறைக்கு அண்ணன்."

"அது எப்படி உண்டாயிற்று?"

"எம் பொண்ணுக்கு மாமன் மொய் செஞ்சாருங்க. செஞ்சவரு மாமன்தானுங்களே? நாளைக்கு நான் செத்தா கோடித் துணி அவருதான் கொண்டாரணும். சும்மா காசு குடுத்துட்டுப் போறவுகளையா சபையில கூவுவோம்?"

பாதிரியார் விதித்தாளை எடுத்து இரண்டு முறை வாசித்தார். பிறகு ஆங்கிலத்தில் மற்றவர்களிடம் சொன்னார். விதியில் உறவினர் என்று மட்டுமே இருக்கிறது, எவ்வழியில் உறவினராக வேண்டும் என்று இல்லை. தன் தேசத்திலும் தாம் பெறாத பிள்ளையைப் பிள்ளையாக ஏற்பது உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஏற்றால் போதாது. இந்த மனிதரும் தம் வாயால் ஒத்துக்கொண்டால் தனக்குச் சம்மதம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அது ஆட்டத்துக்குக் கொடுத்த பணம்.

முதலாளியின் பக்கம் திரும்பி, "நீர் இந்த ஸ்திரீக்குச் சகோதரரோ, அல்லவோ? உண்மையைச் சொல்லும்" என்றார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் எதிர்ப் பள்ளி மாஸ்டர் தமிழில், மிக மெதுவாகப் பேசினார்.

"முதலாளி, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு, இல்லையா?"

அறையில் இருந்த தமிழர்கள் எல்லாருக்கும் அந்த நிமிடமே விளங்கிவிட்டது. தாய்க்கு அண்ணன் என்றால் பையனுக்குத் தாய்மாமன். தாய்மாமன் மகள் முறைப்பெண். அவளை வேறு யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் இவனைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் கொடுத்தால் பந்தலில் வந்து நின்று தடுக்கவும் இவனுக்கு வழக்கம் இடம் கொடுக்கிறது. கோயில் திருவிழாவில் பெரிய எழுத்தில் பெயர் போடும் பஜார்க் குடும்பம் ஒன்று, தன் வீட்டுப் பெண் மீது ஒரு லயத்துப் பையனுக்கு உரிமை உண்டு என்று கமிட்டி முன்னால் சொல்வதாகும் அது. முதலாளியின் சம்பந்திகளாக வரவிருந்தவர்கள் எவ்வளவு கௌரவம் பார்ப்பவர்கள் என்பதும் பஜாரில் எல்லாருக்கும் தெரியும்.

பாதிரியார் என்னைப் பார்த்து, இவர் என்ன கேட்டார் என்றார். குடும்பத்தைப் பற்றி விசாரித்தார் என்றேன். நல்லது, என்று அவர் காத்திருந்தார்.

முதலாளியின் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே மைதானத்தில் சின்னப் பையன்கள் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கதவருகிலிருந்து பையன் சொன்னான்: "வேணாங்கய்யா. நான் தோட்டத்துக்கே போயிர்றேன்."

"வாய மூடுடா" என்றாள் தாய். "பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க."

அவள் முதலாளியைக் கெஞ்சவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவளைப் பொறுத்தவரை இதில் கேட்க எதுவும் இல்லை. முடிந்துபோன காரியம், அவர் அண்ணன். அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று எந்தத் தங்கையும் பயப்படுவதில்லை. அந்த நிச்சயம்தான் முதலாளியை அசைத்தது என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்திருந்தால் எனக்குத் தெரியாது.

"சபையில கூவினது கூவினதுதாங்க" என்றார் முதலாளி. "அது என் தங்கச்சி."

"அப்ப இந்தப் பையன்?" என்றார் மாஸ்டர்.

"எனக்கு மருமகன்."

எதிர்ப் பள்ளி மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கேட்டது தோற்கடிக்கத்தான். ஆனால் கிடைத்த பதிலின் விலையை அந்த மேஜையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். அதைக் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

தீர்மானம் இரண்டு. கொடுக்கப்பட்டது உறவினரின் சீர், விதிக்குப் புறம்பானதல்ல. ஆனால் உறவினராக இருப்பவர் இனி எந்தப் பள்ளிக்கும் ஆட்டக்காரன் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டாவதைப் பாதிரியார் சேர்த்தார். முதலாளி கேட்டுவிட்டு, "இனி அந்தக் கங்காணி வேலையே வேணாங்க சாமி" என்றார்.

பையன் சாக்கை அவிழ்த்துப் புத்தகங்களை எடுத்து வைத்தான்.

கடைசி ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். எங்கள் லெஃப்ட் அவுட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முதலாளி வழக்கமான இடத்தில் குடையோடு நின்றார். "கங்காணி, மருமகன் கால் சறுக்கிருச்சே!" என்று கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீடு அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்ததால், அவர் மனைவியின் குரலை அந்த வாரம் முழுதும் என் தாயார் கேட்டார். "ஒரு தோட்டத்தோட ஏன் நிறுத்தினீங்க? பெரகல வரைக்கும் போயி எல்லாத் தோட்டத்துக்கும் அண்ணன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றதுதானே?" என்றது அவற்றில் ஒன்று. முதலாளி கடையிலேயே சாப்பிட்டு வந்தார்.

பையன் டிசம்பரில் பரீட்சை எழுதினான். மறு ஆண்டு முடிவு வந்தது, தேறியிருந்தான். துரை வாக்கைக் காப்பாற்றினார். அவன் தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்தபோது பதுளைக்கு ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரையில் ஏறிப் பதுளையில் இறங்கி மாமன் கடைக்கு வருவான். வந்தால் மாமி தேத்தண்ணி கொடுப்பார். முதல் சில மாதம் கடைப்பையன் மூலமும், பிறகு தன் கையாலும் கொடுத்ததாகத் தெரிகிறது.

முதலாளியின் மகளுக்கு மதுரைப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தபோது, அவர் தட்டில் வேட்டியும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். முறைப்பையனிடம் சம்மதம் கேட்டு வேட்டி கொடுத்து முறை கழிப்பது வழக்கம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தாய் தட்டை உடனே வாங்கவில்லையாம்.

"ஏண்ணே, எம் பையனும் இப்ப ஆபீசுல இருக்கான். என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்ல தங்கச்சி. அங்க முன்னாலயே பேசி வச்சது."

"முன்னாலயேன்னா எப்ப? நீங்க அண்ணனா ஆனதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவள் மகனைக் கூப்பிட்டாள். அவன் வேட்டியை எடுத்துக்கொண்டான். கல்யாணத்தில் அவள் பதுளைக்கு வந்து, பெண்ணின் அத்தை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள், நான் பார்த்தேன். முதலாளி இறந்ததும் கடை அவர் மகன் கைக்குப் போனது. பிறகு லயத்தில் அந்தத் தாய் இறந்தபோது கோடித் துணி அந்த மகன்தான் கொண்டுபோனார்.

இவ்வளவையும் எழுதி முடித்துக் கமிட்டியின் தீர்ப்பு சரி என்று கடைசி வரி போட நினைத்திருந்தேன். போடாமல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்து ஓய்ந்த ஒரு பெரியவர், பேச்சுவாக்கில், அந்த ஐம்பது ரூபாய் முதலாளியின் பணமே இல்லை என்றார். கப்பு ஊரின் இந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தன்னையும் சேர்த்து ஐந்து கடைக்காரர்கள் ஆளுக்குப் பத்து போட்டார்களாம். புடவை மட்டுமே முதலாளியுடையதாம். அப்படியானால் சபையில் கூவிய மாமன் மொய்யில் புடவை மட்டும்தான் மாமனுடையது. பணம், புகாரில் சொன்னபடி, ஆட்டத்துக்குக் கொடுத்ததே. முதலாளியின் மகனைக் கேட்டேன். அப்பா அடுத்தவர் பணத்தைத் தன் பெயரில் கூவ விட்டிருக்க மாட்டார் என்று கோபித்துக்கொண்டார். பெரியவர் சொன்ன மற்ற நான்கு கடைக்காரர்களில் இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் சீமைக்குத் திரும்பிவிட்டார், ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. பெரியவர் சொன்னதற்கும் மகன் சொன்னதற்கும் வேறு சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஐம்பது ரூபாய் யாருடையது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.